திருவிழாப் பாட்டில் கற்ற ஜெர்மன்

ஜெர்மன் மொழியில் கரண்டி ஆண், முட்கரண்டி பெண், கத்தி இரண்டிலும் சேர்த்தியில்லை. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. ஜார்ஜியாவிலிருந்து கொலோன் நகருக்கு வந்து ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த மக்வாலா, நாற்பது வயதுக்கு மேல் இதையெல்லாம் உருப்போட முடியாது என்று முடிவுகட்டினாள். கடையில் நாள் முழுக்க ரேடியோ பாடும். மாவு பிசைந்துகொண்டே அவளும் கூடப் பாடினாள்.

பாலத்தில் தொப்பியைக் காற்றுக்குப் பறிகொடுத்தவன் பாட்டு ஒன்று. அதைப் பாடிப் பாடியே தொப்பி ஆண் என்று தெரிந்தது. பூட்டிய கதவோடு சண்டை போடுகிறவள் பாட்டில் கதவு பெண்ணானது. வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் இவர்கள் ஒரு வாக்கியத்தில் தள்ளுவார்கள், அடுத்ததில் மாட்டார்கள். மக்வாலாவுக்கு அந்தக் கவலையும் இல்லை, மெட்டே சொல்லிக்கொடுத்துவிடும். இரண்டே வருஷத்தில் வாடிக்கையாளர்களோடு சரளமாகப் பேசினாள்.

மொழித்தேர்வில் தேறினால்தான் இந்த ஊரில் நிரந்தரமாகத் தங்கலாம். தோற்றால் கோடையில் விசா முடியும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திரும்பிப் போனால் அங்கே வீடும் இல்லை, விற்றாகிவிட்டது. தேர்வுக்குச் சில நாள் முன்பு பயிற்சி வகுப்புக்குப் போனாள். வட ஜெர்மனிக்காரரான ஆசிரியை ஓல்ட்மன், அவள் பேசப் பேசக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இப்படிப் பேச யாரும்மா கத்துக்குடுத்தா?"

"ரேடியோ மேடம்."

"பாதி ஜெர்மன்தான். மீதி, பிப்ரவரியில வேஷம் கட்டிட்டுத் தெருவுல ஆடுறாங்களே, அவங்க பாஷை. பரிட்சைல இதெல்லாம் பேசிடாதீங்க!"

கடை ரேடியோவில் பாதி அந்தத் திருவிழாப் பாட்டுகள்தான்; அவற்றை இந்த ஊர்க்காரர்கள் ஊர்ப்பேச்சில்தான் எழுதுவார்கள். மக்வாலா கடைக்கு வந்து, கூட வேலை செய்யும் ஹெட்விக்கிடம் பாய்ந்தாள்.

"ஏங்க்கா, ரெண்டு வருஷமா பாத்துட்டு இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கு எப்படிடீ தெரியும்? நீ நல்லாத்தானே பேசின! எங்கம்மா பேசின மாதிரியே இருந்துச்சு."

எது ஊர் வார்த்தை, எது நாட்டு வார்த்தை என்று பிரிக்கத் தெரியாமல் மக்வாலா வாயைத் திறக்கவே பயந்தாள். தூக்கமும் போயிற்று.

பேச்சுத் தேர்வில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒரு காரியத்துக்குத் திட்டம் போட வேண்டும். அவளுக்கு ஜோடி, நிதால் என்ற சிரியாக்காரப் பொறியாளர். புத்தகம் பேசுவது போலப் பேசினார். வேலையை விட்டுப் போகிற தோழிக்கு வழியனுப்பு விழா என்பது தலைப்பு. மக்வாலா தலையை மட்டும் ஆட்டினாள். எதிரே இருந்த இரண்டு தேர்வாளர்களும் குனிந்து என்னவோ எழுதினார்கள். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள்.

"மூணு மணிக்குக் காபி, கேக். அஞ்சுக்கு முடிச்சிடலாம். பாட்டு வேணாம், அக்கம்பக்கத்துல புகார் குடுப்பாங்க" என்றார் நிதால்.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"பாட்டே இல்லையா? அத்தனை வருஷம் கூட நின்னவளுக்கு ஒரு துண்டு கேக்கைக் குடுத்து வெளிய அனுப்புறதா? அக்கம்பக்கத்தையும் கூப்பிடுங்க. கூப்பிட்டு உக்கார வெச்சா எப்படிப் புகார் குடுப்பாங்க?"

"போலீஸ் வந்தா?"

"அவங்களுக்கும் ஒரு கிளாஸ் பீர்!"

நிதால் சிரித்துவிட்டார். பிறகு மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பாடு, நாற்காலி, யார் பாடுவது என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். நடுவில் ஒரு வார்த்தை புரியவில்லை என்றார் பெண் தேர்வாளர். மக்வாலா வேறு வார்த்தைகளில் சுற்றிவளைத்து விளக்கினாள். வெளியே வந்ததும்தான், அடங்காத வாயால் குடியைக் கெடுத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. ஆசிரியை ஓல்ட்மன்.

"பாஸ், மக்வாலா. எழுத்துல தப்பிச்சதே பெரிசு. பேச்சுலதான் மார்க் கொட்டிக் கெடக்கு. அங்கங்க திருவிழா வாடை அடிச்சுதாம். ஆனா எல்லாம் புரிஞ்சுது, சொல்ல வந்ததைச் சொல்லிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க."

மக்வாலா மாவு மூட்டை மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"பாஸானதுக்கு ஏன்டீ அழுவுற?" என்றாள் ஹெட்விக்.

"இனிமே நான் தப்பாவே பேசலாம்க்கா. யாரும் ஊருக்குத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."