பேர்மிங்ஹாமில் றஞ்சிதம்

கொழும்பு, புறக்கோட்டைப் புடைவைக் கடையில் நின்று நின்றே றஞ்சிதத்தின் காலம் போய்விட்டது. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போவாள். கடை வாசலில் நின்று சிங்களத்தில் ஆள் கூப்பிடுவாள். பொழுதுபட வீங்கின காலோடு திரும்புவாள். தனியாள். பேச்சுத்துணை அடுத்த வீட்டு உம்மு குல்தூம்தான். நோன்புக் கஞ்சி அங்கிருந்து வரும். நத்தார் வந்தால் கேக் இங்கிருந்து போகும்.

குல்தூமின் கணவர் மவுத்தான பிறகு மகன் அஷ்பாக் தாயைத் தன்னோடு பேர்மிங்ஹாமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்த வருஷம் அவனே றஞ்சிதத்துக்கு டிக்கெட் எடுத்தான். "அன்ட்டி, உம்மா தனிய வெளிய எறங்குறதே இல்ல. நான் வேலைக்குப் போனா சொவரப் பாத்துட்டு ஈக்கிறா. நீங்க வந்தா மாறுவா."

கடையில் இரண்டு கிழமை லீவு கிடைத்தது.

வந்து பார்த்தால் அவன் சொன்னது குறைவு. கொட்டாஞ்சேனைச் சந்தையையே ஒரு கலக்குக் கலக்கிய குல்தூம், கதவு மணி அடித்தால் எழுந்து அறைக்குள் போய்விடுகிறாள்.

"கடையில ஒருக்கா வாய் தொறந்தேன் புள்ள. அந்தப் பொம்புளைக்கு வெளங்கல்ல. பின்னால கியூவே என்னப் பாத்துட்டு நின்டிச்சி. இனி எனக்கேலா."

"பள்ளிக்கூடத்தில இங்கிலிஷில முதல் ஆள் நீ. எனக்கு என்ன தெரியும்? கதைக்கிறதை நான் கதைக்கிறன். நீ சும்மா கூட வா."

ஒவ்வொரு நாளும் கேட்டாள். கடைசிக் கிழமைதான் குல்தூம் சரியென்றாள்.

மாடி பஸ்ஸின் முன் ஆசனத்தில் இருந்துகொண்டு நகரத்துக்குள் போனார்கள். பெரிய வெண்கல மாடொன்றின் மேல் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் சந்தை. மரக்கறியைக் கிண்ணம் கிண்ணமாகக் குவித்துவைத்து, தொண்டை கிழியக் கூவி விற்கிறார்கள். றஞ்சிதத்துக்குக் கால் நோவு மறந்துபோனது. வெண்டிக்காயைக் காட்டி, தாடி வைத்த வெள்ளைக்காரனிடம், "கீயத மல்லி?" என்றாள். விலை கேட்பதென்றால் அவள் வாயில் சிங்களம்தான் வரும்; எந்தக் கடைக்காரனும் அவளுக்கு 'மல்லி', தம்பிதான். அவன் விழித்தான். காது கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரத்துக் கேட்டாள்.

குல்தூம் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அவனப் போய் மல்லிங்கிறியே, பாவி." சிரிப்பு அடங்கும் முன்பே அவனிடம் திரும்பி இங்கிலிஷில் விலை கேட்டாள். மேலே பிஞ்சும் அடியில் முற்றலும் என்று அதே மூச்சில் சண்டைக்கும் போனாள். அவன் சிரித்தபடி கிண்ணத்தை மாற்றிக் கொடுத்தான்.

திரும்பும் பஸ்ஸில் குல்தூம் அவள் கையை விடவில்லை. "நீ கூட ஈந்தா எனக்கு எல்லாம் ஏலும்."

றஞ்சிதத்துக்குக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாளை மறுநாள் பிளேன். நான் போன பிறகு?

மறுநாள் காலை றஞ்சிதம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "தலையிடிக்குது. பச்சை மிளகாய் முடிஞ்சுபோச்சு. நீ போய் வாங்கிட்டு வா."

"ஒனக்கெங்க தலையிடி? பொய்க்காரி."

"ஓம், பொய்தான். போ."

குல்தூம் கதவடியில் கனநேரம் நின்றாள். பிறகு சால்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

றஞ்சிதம் ஜன்னலடிக்கு ஓடினாள். எதிரே பஸ் தரிப்பில் குல்தூம் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். ஒரு பஸ் வந்தது. போனது. குல்தூம் அங்கேயே நின்றாள். கூட இறங்கிப் போவோமா என்று றஞ்சிதத்துக்கு மனம் அடித்துக்கொண்டது. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த பஸ் வந்து மறைத்தது. அது போனபோது தரிப்பில் ஆளில்லை.