பள்ளிவாசல் ஓடையில் முளைத்த சீமைச்சக்கை

தேங்காப்பட்டணத்துச் சைபுதீனுக்கு முப்பத்தொன்றாவது வயதில் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கொழும்புத் துறையில் தோணியைக் கட்டும்போது நங்கூரக் கயிறு கையோடு சுற்றி இறுகிவிட்டது. பெருவிரலும் சுட்டுவிரலும் மிஞ்சின. அவற்றை வைத்துச் சோறு பிசையலாம். பாய் இழுக்க முடியாது. பதினைந்து வருடம் கடலில் ஓடியவன் அத்தோடு கரை ஏறினான்.

ஊருக்கு வந்த முதல் வருடம் முழுக்க வீட்டிலேயே கிடந்தான். மனைவி சித்தி ஆயிஷா, காயலில் அழுகப் போட்ட தேங்காய் மட்டையான தொண்டை அடித்து, தும்பு என்னும் நாரை எடுத்துக் கயிறு திரித்தாள். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கயிற்றால்தான். கயிறு முறுக்கும் ராட்டு சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இடது கையால் தொண்டு அடித்துப் பார்த்தான். தும்பு பாதி, சிதறல் பாதியாக வந்தது. ஆயிஷா ஒன்றும் சொல்லாமல் அதைத் தனியே ஒதுக்கி வைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டாம் ஆண்டு, அதாவது ஆயிரத்து தொள்ளாயிரத்து இருபத்தாறு, மார்கழியில் ஒரு பெருங்காற்று அடித்தது. அதில் ஹமீதா பீவி வீட்டுச் சீமைச்சக்கை மரம் விழுந்தது.

வெளியூர்க்காரர்கள் கறிப்பலா என்று சொல்லும் மரம் அது. ஊரிலேயே அது ஒன்றுதான். கொப்பரை வியாபாரம் செய்த ஹமீதா பீவியின் கணவர் கொழும்பிலிருந்து ஒரு தகரத்தில் கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. அவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் மரம் காய்த்துக்கொண்டிருந்தது. காயில் கொட்டை கிடையாது. சீவி எண்ணெயில் பொரித்தாலும், தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு காய் போதும். கேட்டு வந்த யாரையும் ஹமீதா பீவி வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

காற்று அடங்கிய மறுநாள் ஊரில் பாதிப் பேர் அந்த வீட்டு முற்றத்தில் நின்றார்கள். சிலர் கொம்பு வெட்டிப் போனார்கள். பூவரசையும் முருங்கையையும் போத்து வெட்டி நடுகிற மாதிரி இதையும் நடலாம் என்ற ஆசை. முன்பும் பலர் அப்படி நட்டதுண்டு, ஒன்றுகூடப் பிடித்ததில்லை. சைபுதீன் கொம்பைத் தொடவில்லை. மரம் பெயர்ந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமி, மரத்த வெட்ட ஆசாரி வந்து அடிமூட்டைத் தோண்டுததுக்கு முன்ன எனக்குக் கொஞ்சம் வேரு வேணும்" என்றான்.

"வேரா? வெறவுக்கா மக்கா?"

"நடுவதுக்கு."

ஹமீதா பீவி அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். "கொம்பு நட்டே பிடிக்கல்ல. வேர நட்டா மொளைக்குமா?"

கொழும்பில் தான் பார்த்ததை அவன் சொன்னான். ஒரு சரக்குக் கிட்டங்கி முற்றத்தில் இந்த மரம் நின்றது. அதன் வேர் ஒன்று மண்ணுக்கு மேலே கிடந்தது. மூட்டை வண்டியின் சக்கரம் ஏறி ஏறி அந்த வேரின் தோல் கிழிந்தது. கப்பலில் மூன்றாம் நடை போனபோது, கிழிந்த இடத்தில் ஒரு முளை முழ உயரத்துக்கு நின்றது.

"பின்ன எதுக்கு இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நிக்கிற மரத்துக்க வேர வெட்டணும்னு ஒங்ககிட்ட எப்பிடி மாமி கேக்க?"

அவர் விழுந்த மரத்தின் தடியைத் தடவினார். பிறகு, "மூணு நாளு களிச்சு ஆசாரி வருவான். அதுக்குள்ள எடுத்துக்க" என்றார்.

ஒரு கையால் மண்வெட்டி பிடித்து வேர் தோண்டுவது எளிதல்ல. முதல் நாள் உச்சிப்பொழுதில், கயிற்று வேலையை நிறுத்திவிட்டு ஆயிஷா வந்து சேர்ந்தாள். அவள் தோண்டினாள், அவன் இடது கையில் கத்தி பிடித்து, பெருவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை உள்ள வேர்களைச் சாண் சாணாக நறுக்கினான். வெட்டின இடமெல்லாம் வெள்ளைப் பால் வடிந்தது. பால் உலரும்வரை நிழலில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஆற்று மணல் பரப்பி, வேர்களைப் படுக்க வைத்து மூடினான். மேலே ஓலைப் பந்தல். மொத்தம் நாற்பது துண்டுகள்.

காலையும் மாலையும் காயலில் தண்ணீர் கோரி ஊற்றினான். தை போயிற்று. மாசியும் பிறந்தது. மணலில் ஓர் அசைவும் இல்லை. அந்த வழியாகப் போகிறவர்கள், "என்ன சைபு, பொதச்ச மய்யித்து எழும்பிச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ஒருநாள் ஆயிஷா பந்தலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க. மண்ணு வெள்ளையா பூத்திருக்கு."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. கோடையில் ஆற்றில் வரத்துக் குறைந்ததும் ஆறு கடலில் சேரும் பொழி வழியாகக் கடல் நீர் காயலுக்குள் ஏறிவிடும். பதினைந்து வருடம் உப்பிலேயே கிடந்தவன் இதை யோசிக்காமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார்கள். இருபத்தொன்பது கறுத்து அழுகியிருந்தன. பதினொன்றை நகத்தால் கீறினால் இன்னும் பால் கசிந்தது.

"இதுக்கு நல்ல வெள்ளம் வேணும்" என்றாள் ஆயிஷா.

நல்ல தண்ணீர் அந்தக் கோடையில் பள்ளிவாசல் கிணற்றில் மட்டும்தான் இருந்தது. அதற்கும் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். குடிக்கிற தண்ணீரை வேருக்கு ஊற்றுகிறேன் என்று அங்கே போய் நிற்க முடியுமா?

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போது சைபுதீன் தன் காலில் விழுந்த தண்ணீர் போகிற வழியைக் கவனித்தான். தொட்டியடியிலிருந்து கல் ஓடை வழியாக ஓடி, மதிலுக்கு உள்ளேயே ஒரு பூவரசு நிழலில் தேங்கி, பிறகு வெளியே போயிற்று. தேங்கின இடத்தில் சேம்பு இடுப்பளவு செழித்திருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, யாரும் கோரி ஊற்றாமலே பாய்கிற நல்ல தண்ணீர். பாங்கு சொல்லும் மோதினார் சுலைமானிடம் கேட்டான். அவர், "அதுக்கென்ன, வையி" என்றார். ஓடைக்கரையில் பதினொரு வேர்களும் படுத்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், பள்ளிவாசல் காரியங்களைப் பார்த்து வந்த முகம்மது ஹனீபா அவனை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினார். ஊரே காக்கா என்று அண்ணன் முறை வைத்து அழைக்கிற நேர்மையான மனிதர், சிரிக்காதவர்.

"சைபுதீனே, இது பள்ளிக்கு எழுதி வச்ச வக்பு எடம். இதுல ஒனக்குத் தோட்டம் வைக்க ஆரு சம்மதம் தந்தது?"

"நாந்தான் சொன்னேன் காக்கா" என்று சுலைமான் முன்னே வந்தார். "அந்த வெள்ளம் சும்மா ஓடிக் கடலுக்குத்தான போவுது."

"வெள்ளம் போவட்டு. மரம் ஆருக்கு?"

சைபுதீன் அதை யோசித்திருக்கவில்லை. கூட்டம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒண்ணு ஹமீதா மாமிக்கு. ஒண்ணு பள்ளிக்கு. மிச்சம் மொளச்சா, கேட்டு வாறவங்களுக்கு" என்றான்.

"ஒனக்கு?"

"எனக்கு வேண்டாம் காக்கா."

ஹனீபா தாடியைத் தடவினார். "செரி. நோன்புப் பெருநாளு வரைக்கும் கெடக்கட்டு. அதுக்குள்ள மொளைக்கல்லன்னா எடுத்து மாத்தணும்."

சில நாட்களில் ரமலான் பிறந்தது. வருடம் முழுக்கப் பள்ளிப் பக்கம் வராதவர்களும் நோன்பு மாதத்தில் வந்தார்கள். தொட்டியடியில் நெரிசல். ஓடை ஒரு பொழுதும் காயவில்லை. சைபுதீன் ஒவ்வொரு தொழுகைக்கும் கொஞ்சம் முன்னதாகவே போனான். மணலைத் தோண்டிப் பார்க்கக் கை துடிக்கும். முளை இருந்தால் ஒடிந்துவிடுமே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

இருபத்துநாலாம் நோன்பு அன்று, மதிய லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த சைபுதீனைத் தேடிக்கொண்டு சுலைமான் வந்தார். நோன்பு வாடலோடு வெயிலில் வேகமாக நடந்து வந்ததால் மூச்சு வாங்கியது.

"எலே சைபு, வந்து பாரு! கிளிக்க மூக்குபோல ஒண்ணு எட்டிப் பாக்குது."

ஆயிஷா ராட்டை விட்டுவிட்டு எழுந்தாள். பள்ளிக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. மதிலின் பின்பக்கம், ஓடை வெளியே வருகிற துவாரத்தின் அருகே குனிந்து பார்த்தாள். பூவரசு நிழலில் ஈர மணலைக் கீறிக்கொண்டு பச்சையாய் ஒரு முளை நிற்பது அவளுக்கும் தெரிந்தது. "ரப்பே" என்று இறைவனைக் கூப்பிட்டாள்.

பெருநாளுக்குள் மூன்று முளைத்தன, வைகாசிக்குள் ஆறு. ஒன்றை ஆடு தின்றது. மிச்சம் ஐந்து. ஆனி மழையில் ஒன்றை ஹமீதா பீவி வீட்டில், பழைய மரம் நின்ற குழிக்குப் பக்கத்தில் நட்டார்கள். ஒன்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்றது. மற்ற மூன்றையும் கேட்டு வந்தவர்கள் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர், ஆற்றுக்கு மேல்கரையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்த ஞானசிங்.

கடைசிக் கன்றும் போன அன்று சாயங்காலம் ஆயிஷா சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேரு தோண்டினது ஆரு?"

"நீ."

"உப்பு கண்டது ஆரு?"

"நீதான்."

"அன்னைக்குப் பள்ளியில என்ன சொன்னிய?"

"எனக்கு வேண்டாம்னு சொன்னேன்."

"ஒங்களுக்குத்தான வேண்டாம். எனக்கு வேணும்."

சைபுதீன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். ஊருக்கு முன்னால் நல்ல பேர் வாங்கும்போது அவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "தப்புதான் ஆயிஷா" என்றான். "ஒனக்கு ஒண்ணு கொண்டு வராம இருக்க மாட்டேன்."

அதற்கு மூன்று வருடம் ஆயிற்று. ஞானசிங் வாத்தியார் வீட்டு மரம் நல்ல செம்மண்ணில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக வளர்ந்தது. வாத்தியார் ஆளனுப்பி, "மதில் பக்கம் வேரு ஓடியிருக்கு, வந்து எடுத்துக்கிடும்" என்று சொன்னார். சைபுதீன் போய், மரம் நோகாமல் நாலு வேர் மட்டும் எடுத்து, அங்கேயே கிணற்றடி ஈரத்தில் முளைக்க வைத்தான். மூன்று வந்தன. ஒன்றை வாத்தியாருக்கு விட்டுவிட்டு இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

முதல் கன்று அடுத்த மாசியைத் தாண்டவில்லை. இலையோரம் கருகி, நுனி தொங்கிச் செத்தது. அவர்கள் வீட்டு மண் அடி முழுக்க உப்பு. சைபுதீன் தகரத்தில் இருந்த இரண்டாவது கன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான்.

"கொடுக்காண்டாம்" என்றாள் ஆயிஷா.

தும்பு எடுக்க லாயக்கில்லாத தொண்டுகளை அவள் முற்றத்தின் ஒரு மூலையில் வட்டமாக அடுக்கினாள். மேல்கரையிலிருந்து கயிறு வாங்க வருகிற வள்ளக்காரனிடம், வரும்போதெல்லாம் ஆற்று வண்டல் நாலு கூடை கொண்டுவரச் சொன்னாள். தொண்டு ஒரு அடுக்கு, வண்டல் ஒரு அடுக்கு என்று நெஞ்சுயரத்துக்கு மேடு எழுப்பினாள். ஒரு மழைக்காலம் முழுக்க அதை நனையவிட்டு, தொண்டில் ஊறின உப்பெல்லாம் இறங்கின பிறகுதான் கன்றை வைக்கச் சொன்னாள். தொண்டு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. வேர் உப்புக்கு எட்டாத உயரத்தில் நின்றது. அடுத்த மாசியில் மரம் கருகவில்லை. பச்சையாய் இரண்டு புது இலை விட்டது.

ஆயிரத்து தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் ஹமீதா பீவி வீட்டு மரம் முதலில் காய்த்தது. ஏழு காய்கள். அவர் ஒன்றை அறுத்துப் பொரித்து, மூடி போட்ட பாத்திரத்தில் தானே சுமந்துகொண்டு சைபுதீன் வீட்டுக்கு வந்தார். "அவங்க வச்ச மரத்துக்க அதே ருசி" என்று சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அதற்குள் சைபுதீனைத் தேடி வெளியூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தக்கலையிலிருந்தும், பேச்சிப்பாறை மலையடிவாரத்திலிருந்தும் வந்தார்கள். விதை போடாமல் வளர்க்கிற எதையும் அவனிடம் கேட்டார்கள். நல்ல மிளகுக் கொடியில் தலை வெட்டி முருக்கு மரத்தின் அடியில் பதிப்பது, கிளுவைப் போத்தை வேலிக்கு நடுவது, மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர் விடச் செய்வது என்று எல்லாம் இடது கையால் பழகினான். பெருவிரலும் சுட்டுவிரலும் முளையைப் பிடித்து நிறுத்தப் போதுமாக இருந்தன. ஓடைக்கரையில் எப்போதும் பத்துப் பதினைந்து வேர்கள் படுத்திருந்தன. ஹனீபா அவற்றை எடுக்கச் சொல்லவேயில்லை. அங்கே முளைத்ததற்குச் சைபுதீன் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. வெளியூருக்குப் போய்ச் செய்த வேலைக்குக் கூலி உண்டு. ஆயிஷா இரண்டாவது ராட்டு ஒன்று வைத்தாள்.

முப்பத்தாறில் மேட்டு மரம் காய்த்தது. அடுத்த வருடம் ஒரு காலையில் ஹனீபாவே வீட்டுக்கு வந்து நின்றார். அவர் மகளைக் குளச்சலில் கட்டிக்கொடுத்திருந்தது.

"அவ வீட்டுக்கு ஒரு மரம் வேணும்னு சொல்லுதா. அங்கயும் உப்புதான். பிடிக்குமா சைபு?"

சைபுதீன் உள்ளே திரும்பி, "ஆயிஷா, குளச்சல்ல உப்பு மண்ணாம். பிடிக்குமான்னு கேக்காங்க" என்றான்.

"மேடு போட்டாப் பிடிக்கும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "நான் வரணும்."

அந்த வெள்ளிக்கிழமை கழிந்து இருவரும் வள்ளத்தில் குளச்சலுக்குப் போனார்கள். ஈரத் தும்பில் சுற்றின கன்று சைபுதீன் மடியில் இருந்தது. அங்கே கடற்கரைத் தெருப் பெண்கள் கூடி நின்று பார்க்க, ஆயிஷா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தொண்டு அடுக்கச் சொல்லிக் கொடுத்தாள். வளைந்த பக்கம் கீழே, குழிந்த பக்கம் மேலே, அப்போதுதான் வெள்ளம் நிற்கும் என்றாள். ஒருத்தி மாற்றி வைத்ததை எடுத்துத் திருப்பி வைத்தாள். மழைக்காலம் கழிந்த பிறகுதான் நட வேண்டும், அதுவரை கன்று ஒரு தகரத்தில் நிழலில் இருக்கட்டும் என்றாள். சைபுதீன் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எந்த நிழலைக் காட்டுவாள் என்று காத்து நின்றான்.