வடகிழக்கே ஒரு முழம்

அரிமளத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் நிலத்தை அளக்க வந்த சர்வேயரின் பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. ஒல்லியான மனிதர், கழுத்தில் ஈரத்துண்டு. ஜிபிஎஸ் கருவியைக் கல்லின் மேல் நிறுத்திவிட்டு, அது அளவெடுத்து முடிக்கும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்.

பத்து வருடத்துக்கு முன் எனக்கும் அண்ணனுக்கும் பாகம் பிரித்தபோதும் அவரேதான் இதே கருவியால் அளந்தார். அந்த அளவோடு ஒப்பிட்டால், இப்போது எல்லைக்கல் வடகிழக்கே ஒரு முழம் தள்ளியிருந்தது. அந்தப் பக்கம் அண்ணனின் நிலம்.

"கல்லை நகட்டிட்டியேடா!" என்றார் அண்ணன். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

சர்வேயர் அவசரப்படவில்லை. மற்ற மூலைக்கற்களையும் கிணற்று மேடையையும் அளந்தார். எல்லாமே அதே திசையில் அதே ஒரு முழம் தள்ளியிருந்தன.

"கெணத்தையுமா ஒங்க தம்பி நகட்டுனாரு? நம்ம நாடே வடகிழக்கால போய்க்கிட்டு இருக்குங்க. அடியில இருக்க பெரிய பாறைத்தட்டு, கடலோட தரையையும் சேத்து நம்மளத் தூக்கிக்கிட்டு போகுது. நகம் வளர்ற வேகந்தான். மேலேருந்து பாக்குற சாட்டிலைட்டுக்குத்தான் அது தெரியும்."

"அப்ப என் நெலம்?" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேரு நெலமும் ஒண்ணாத்தாங்க போகுது. நடுவுல ஒரு இஞ்ச் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

அண்ணன் கிணற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெயில்ல நிக்காத, இங்கிட்டு வா" என்றார்.

சர்வேயரை அப்புறம் நான் பார்க்கவில்லை. நகம் வெட்டும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. கீழே விழுந்த துண்டை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். இவ்வளவு தூரம் அண்ணனும் நானும் சேர்ந்தே போயிருக்கிறோம்.