மஞ்சள் வயர்

அன்று வீட்டில் நான் இருந்தேன், மனைவி இருந்தாள், மகள் இருந்தாள், முந்தின நாள் ரவுட்டர் மாட்டிப்போன பாயும் வந்திருந்தார். பதினொரு மணிக்கு மகளுக்குக் கம்ப்யூட்டரில் வேலைக்கான நேர்காணல். நெட் வரவில்லை.

"ஏனுங்க பாய், ஆகாத டப்பாவை எங்க தலையில கட்டிப்போட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் ரவுட்டருக்குப் பின்னால் கையை விட்டார். நான் தறி ஓட்டுகிறவன். மீந்து தொங்கிய மஞ்சள் வயரை, நூலை முடிவதுபோல் இறுக்கி முடிந்து வைத்திருந்தேன். உள்ளே கண்ணாடி இழை, முடிச்சுப் போட்டால் ஒடிந்துவிடும் என்று தெரியாது.

"என்னாச்சுங்க?" என்றாள் மகள்.

பாய் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "வயரு மட்டம் சாமி, என் தப்புதான். மாத்திடறேன்."

பத்தே முக்காலுக்கு நெட் வந்தது. மகளுக்கு வேலையும் கிடைத்தது. அவளிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

வெட்டியெடுத்த வயரை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார். எண்ணிப் பார்த்தேன்.

ஐந்து முடிச்சு.