அடுத்தடுத்த இரண்டு கட்டில்கள்

பிசியோதெரபி கூடத்தில் பயிற்சி கொடுக்கும் பிசியோக்காரருக்குப் பட்டப்பெயர் 'இன்னும் அஞ்சு'. யார் எப்படிக் கத்தினாலும் அவர் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான். மனைவி தவறி நாலு வருடம். மகளும் கல்யாணமாகி வெளியூர் போனபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பிஸ்கட்டும் பாலுமே பல நாள் சாப்பாடு.

அப்போதுதான் அந்த இருவரும் வந்தார்கள். ஒருவர் பௌத்த பிக்கு. பல காலம் சம்மணம் போட்டுத் தியானம் செய்ததில் முட்டி மக்கர் செய்தது. மற்றவர் மேற்கத்தியத் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். புத்தகம் எடுக்க ஏணியில் ஏறி விழுந்து முட்டியில் அடிபட்டவர். இருவருக்கும் செவ்வாய்க்கிழமை பத்து மணி. அடுத்தடுத்த கட்டில்.

"ஐயோ, வலிக்குதே!" என்றார் பேராசிரியர்.

"வலி இருக்கு, சரி. வலிக்கிற 'நான்' எங்கேன்னு தேடிப் பாருங்க, கிடைக்காது," என்றார் பிக்கு.

"அப்போ இந்தத் தம்பி ஐஸ் வைக்கிறது யாருக்கு?"

பிக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். பேச்சு சூடு பிடித்தது. வாழ்க்கைக்கு அர்த்தத்தை மனிதன்தான் உண்டாக்க வேண்டும் என்றார் பேராசிரியர். அர்த்தம் வேண்டுமென்று ஏங்குவதே துன்பம் என்றார் பிக்கு. அந்த மும்முரத்தில் இருவரும் முனகாமல் முப்பது முறை முட்டியை மடக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சு ஓய்ந்தால் பிசியோக்காரரே ஏதாவது கேட்டுக் கிளறிவிடுவார்.

ஆறாவது வாரம் அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. "ஒருத்தனுக்காக எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்னு தோணுது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"காரணத்தை நீங்களேதான் உண்டாக்கிக்கணும், தம்பி," என்றார் பேராசிரியர்.

"காரணம் எதுக்கு? வெங்காயம் நறுக்கும்போது நறுக்குறதை மட்டும் கவனிங்க," என்றார் பிக்கு.

"கவனிச்சா வயிறு நிறைஞ்சிடுமா?"

"காரணத்தைத் தின்னா நிறைஞ்சிடுமா?"

"போதும் சாமி! ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வாங்க," என்றார் பிசியோக்காரர்.

பிக்கு தயங்கினார். "மத்தியானம் தாண்டினா நான் சாப்பிடமாட்டேனே."

"பதினோரு மணிக்கே போட்டுடறேன்."

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பதை அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஞாயிறன்று மேலிருந்து எட்டிப் பார்த்தார். பேராசிரியர் கைப்பிடியையும் பிக்கு பேராசிரியரின் தோளையும் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று சண்டை போட்டபடி ஏறினார்கள். ஐம்பத்து நாலு படி. மூச்சு இரைத்ததே தவிர முட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சூப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். பிக்கு இரண்டாம் தடவை கிண்ணத்தை நீட்டினார்.

"பற்று!" என்று பேராசிரியர் விரலை ஆட்டினார்.

"பசி," என்றார் பிக்கு.

பிசியோக்காரர் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முட்டிகள் எப்போதோ தேறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை.