குருத்தோலை நெருப்பில் போகாத கேசட்

அந்த ஆள் துபாயில் நான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஆண்டவர் தன்னோடு பேசியதாகச் சொல்லிக்கொண்டு ஊர் திரும்பி, எங்கள் பங்குக் கோயிலில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். ஆண்டவர் பேசினாரோ என்னவோ, இவர் அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. தன் பிரசங்கத்தைக் கேசட்டில் பதிந்து வீடு வீடாக விற்றார். நானும் ஒன்று வாங்கித் தொலைத்தேன்.

என்னிடம் இன்னொரு கேசட்டும் இருந்தது. மன்னார்குடி கடைத்தெருவில், குவைத்திலிருந்து வந்தவர்கள் தள்ளிவிடும் சாமான்களை விற்கிற கடையில் எடுத்தது. வெள்ளைக்காரர்களின் ராக் பாட்டு. அட்டையில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் கிழிந்து போயிருந்தார்கள். எட்டாவது வரை மட்டும் படித்த எனக்கு ஒரு வரி புரியாது. ஆனால் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் கிதார் தனியாக ஆரம்பித்து, அதன்மேல் டிரம் வந்து விழும் இடம் இருக்கிறதே, பம்ப்செட் போட்டதும் குழாயில் முதல் தண்ணீர் சீறி விழுவது மாதிரி இருக்கும். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அதைத்தான் போடுவேன்.

விஷயம் அந்த ஆள் காதுக்குப் போய், வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தப் பாட்டைத் தலைகீழாக ஓட்டினால் சாத்தான் பேசுவான் என்றார். கேசட்டைப் பிரித்து நாடாவைத் திருப்பிச் சுற்றி ஓடவிட்டார். கர்புர் என்றது. சாத்தான் நம்மைக் கூப்பிடுகிறான் என்றார். எனக்கு அது அஜீரண வயிறு மாதிரிதான் கேட்டது. தமிழில் கூப்பிடுகிறானா இங்கிலீஷிலா என்று கேட்டேன். அவர் கேசட்டை மூடி என் கையில் திணித்தார்.

என் மனைவி அப்போது மூன்றாவது தடவையாக முழுகாமல் இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. அந்த ஆள் அவள் பக்கம் திரும்பி, "இது வீட்ல இருக்கிற வரைக்கும் பிள்ளை நிக்காதுங்க" என்றார். அவள் அழுதாள். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் வேண்டுமென்று, போன வருடத்துக் குருத்தோலைகளைக் கோயில் வாசலில் எரிப்பது வழக்கம். அந்த நெருப்பில் உலகப் பாட்டுகளை எல்லாம் போடச் சொன்னார் அந்த மேதை. நான் பாட்டு நாடாவைப் பழையபடி சுற்றிப் பரண் பெட்டியில் ஒளித்துவிட்டு, அவருடைய பிரசங்கக் கேசட்டின் லேபிளைச் சுரண்டி அதைப் போட்டேன். பிளாஸ்டிக் உருகி ஓலையோடு சேர்ந்து தார் மாதிரி ஆகிவிட்டது. பங்குச் சாமியார் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, நெற்றியில் பூசச் சாம்பல் வாங்கிவர நீடாமங்கலத்துக்கு ஆள் அனுப்பினார்.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். வருடா வருடம் அவன் பிறந்தநாளில் என் மனைவி ஜெபக்கூட்டத்தில் எழுந்து, சாத்தான் பாட்டை எரித்ததால் வந்த பிள்ளை என்று சாட்சி சொல்வாள். அந்த ஆள் கண்ணை மூடிப் புகழை வாங்கிக்கொள்வார். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எரிந்துபோனதாக அவள் நம்பும் பாட்டை வீட்டில் எப்படிப் போடுவது? பாவசங்கீர்த்தனத்திலும் சாமியாரிடம் இந்தப் பொய்யைச் சொல்லவில்லை. சொன்னால் அவளிடமும் சொல்ல வேண்டும்.

பையனுக்குச் சிங்கப்பூர் வேலை கிடைத்தது. பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கி உதறினான். கேசட் விழுந்தது. கிழிந்த அட்டையை அவள் உடனே அடையாளம் கண்டுவிட்டாள்.

"அப்ப அன்னைக்கு எரிச்சது என்னங்க?"

"அவரோட பிரசங்கம்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மாதா சும்மாவே குடுத்திருக்கா. நான் இந்தாளுக்கில்ல இத்தனை வருஷம் நன்றி சொல்லிட்டிருந்தேன்" என்றாள்.

பையன் பக்கத்து வீட்டில் டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தான். நாடா தேய்ந்து, பாட்டு அலைந்தது. ஆனால் டிரம் அதே இடத்தில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா சாத்தான் அவ்வளவு தூரத்திலேர்ந்து வரணும்?" என்றாள்.

பையனை வழியனுப்ப நடந்த கூட்டத்தில், அந்த ஆள் வழக்கம்போலச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள்.

"எம்புள்ளய மாதா குடுத்தா. அன்னைக்கு எரிஞ்சது உங்க கேசட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மனைவியிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.