அண்ணி படித்த காலம்

அண்ணி கல்யாணமாகி வந்த நாளில், சீர்ப் பாத்திரங்களோடு ஒரு பச்சைத் தகரப்பெட்டியும் வண்டியிலிருந்து இறங்கியது. நகைப்பெட்டி என்று நினைத்து இரண்டு பேர் பத்திரமாகத் தூக்கி வந்தார்கள். திறந்தால் முழுக்கப் புத்தகங்கள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு வயல்; அண்ணனுக்கு வாளையாறு வழியாகச் சிமெண்ட் ஏற்றிப்போகும் லாரிகள். வீட்டில் பேச்சு என்றால் வாடகையும் விலையும்தான். அதற்கு நடுவில், மத்தியான வேலை முடிந்ததும் அண்ணி படிக்க உட்காருவார். அப்போது கூப்பிட்டால் காதில் விழாது.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, ஒரு மில் முதலாளி, மனைவியை இழந்த தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். மாப்பிள்ளை என் அண்ணனைவிட மூத்தவர். சம்பந்தம் முடிந்தால் மில் சரக்கெல்லாம் எங்கள் லாரிகளுக்கு என்பது பேச்சு. அப்பா தலையாட்டிவிட்டார். தாம்பூலம் மாற்றப்போகும் நேரத்தில் அண்ணி கூடத்துக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க மாமா, புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அவ படிக்கோணும்ங்கறாளுங்க."

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். "பொஸ்தகத்தப் படிச்சுப்போட்டு எனக்கே நாயஞ் சொல்ல வந்துட்டியா?" என்று அப்பா கத்தினார். மறுநாள் அண்ணன் அந்தப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார். அண்ணி அழவில்லை. தராசு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் உலை வைத்தார். அதன்பின் அந்த வீட்டில் யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை. அவரும் எதுவும் சொன்னதில்லை.

சம்பந்தம் முறிந்த கதை பரவி எனக்கு வேறு வரன் வரவில்லை. அதனால்தான் கல்லூரிக்குப் போனேன், உத்தியோகமும் கிடைத்தது. முதல் விடுமுறைக்கு வந்தபோது அண்ணிக்கு ஒரு நாவல் வாங்கி வந்தேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"நாலு வரிக்கு மேல மனசு நிக்க மாட்டேங்குது கண்ணு. நீயே கதையச் சொல்லு."

சொல்லச் சொல்ல, அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. புருஷனை விட்டுப் போன கதாநாயகி ஏன் அவனிடமே திரும்பி வந்தாள் என்று கேட்டார். பிள்ளைக்காக என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

"இருக்காது," என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். "அவ திரும்பி வந்தது அதுக்கில்ல கண்ணு..."

வெளியே லாரி வந்து நின்றது. டீ கேட்டு அண்ணன் குரல் கொடுத்தார். அண்ணி எழுந்து அடுப்புப் பக்கம் போனார். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

இன்று என்னைச் சுற்றியுள்ள வீடுகளிலும் பேச்சு விலைகளைப் பற்றித்தான். நான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் எதற்காகத் திரும்பி வந்தாள் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.